வெள்ளைச் சீட்டில் 12 ஓட்டு

2020 ஜனவரி 2. ராத்திரி பத்தரை மணி இருக்கும். உள்ளாட்சித் தேர்தல் ஓட்டு எண்ணிக்கை நடந்த பள்ளிக்கூடத்தில் எங்கள் ஊர்ப் பெட்டியை அப்போதுதான் திறந்தார்கள். காலையிலிருந்து நின்று கால் மரத்துப்போயிருந்தது. பெட்டியைக் கவிழ்த்ததும் நாலு நிறத்திலும் சீட்டு கொட்டியது. வெள்ளை வார்டு உறுப்பினருக்கு, இளஞ்சிவப்பு ஊராட்சித் தலைவருக்கு, பச்சை ஒன்றியக் கவுன்சிலருக்கு, மஞ்சள் மாவட்டக் கவுன்சிலருக்கு. முதலில் நிறம் பிரிப்பதுதான் வேலை.

யாரோ ஒருவர் நாலு சீட்டையும் ஒன்றுக்குள் ஒன்றாக மடித்துப் போட்டிருந்தார். ஊழியர் அதைப் பிரித்தபோது கண்ணில் பட்டது. மஞ்சளில் இரட்டை இலை, பச்சையில் உதயசூரியன், வெள்ளையில் என் சின்னமான சீப்பு. இளஞ்சிவப்பில் யாருக்கு என்று பார்ப்பதற்குள் கட்டுக்குள் போய்விட்டது. அது யாருடைய சீட்டு என்று எனக்குத் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. ஆனால் ஒரே ஆள், ஒரே தட்டி மறைவில் நின்று, ஒரே முத்திரையால் கட்சிக்கு இரண்டு விதமாகவும் ஊருக்கு வேறு விதமாகவும் குத்தியிருக்கிறார். உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி யார் பேசினாலும் எனக்கு அந்த நாலு மடிப்புத்தான் முதலில் ஞாபகம் வருகிறது.

எங்கள் ஊர் பொம்மிடி பக்கம். தெற்கே சேர்வராயன் மலை. குச்சிக்கிழங்கும் கரும்பும் போடுகிற ஊர். வேலைக்கு என்றால் திருப்பூர், பெங்களூரு. நான் மகளிர் குழுவில் கணக்கு எழுதுகிறவள். தமிழ்நாட்டில் சுயஉதவிக் குழுக்கள் முதலில் தொடங்கியதே எங்கள் தருமபுரி மாவட்டத்தில்தான், 1989ல். அந்த ஆரம்ப காலத்திலேயே என் அம்மா குழுவில் சேர்ந்துவிட்டார். நோட்டுப் போட்டு எழுதி வைக்கிற பழக்கம் எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது. தேர்தலில் என்னைக் காப்பாற்றியதும் அந்தப் பழக்கம்தான்.

2016லேயே மனு போட்டேன். பெண்களுக்குப் பாதி இடம் என்று ஆன முதல் தேர்தல் அது. அக்டோபரில் ஓட்டுப்பதிவு என்று தேதியெல்லாம் சொன்ன பிறகு, பழங்குடியினர் இடஒதுக்கீட்டை ஒட்டிய வழக்கில் உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்துவிட்டது. அதோடு மூன்று வருடம் ஊராட்சிக்கு உறுப்பினரும் இல்லை, தலைவரும் இல்லை, தனி அலுவலர்தான். தெருவிளக்கு எரியவில்லை என்றால்கூட யார் வாசலில் போய் நிற்பது என்று தெரியாத காலம் அது. 2019 டிசம்பரில் மறுபடி தேர்தல் வந்தபோதும் 27 மாவட்டங்களுக்கு மட்டும்தான் வந்தது. புதிதாகப் பிரித்த ஒன்பது மாவட்டங்கள் 2021 அக்டோபர் வரை காத்திருந்தன. எங்களுக்கு டிசம்பர் 9 முதல் 16 வரை மனுத்தாக்கல். வார்டு உறுப்பினருக்கு டெபாசிட் 200 ரூபாய், செலவு வரம்பு 9,000. வீட்டு வரி ரசீது முதற்கொண்டு 2016ல் எடுத்த நகல்களை எல்லாம் ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். மற்றவர்கள் கடைசி நாளில் ஜெராக்ஸ் கடையில் நிற்கும்போது எனக்கு அந்த அலைச்சல் இல்லை.

சரி, கட்சிக் காற்று அடிக்கிற பக்கம்தான் ஓட்டு விழும் என்கிறார்களே, அதைச் சொல்லிவிடுகிறேன். 2019 ஏப்ரல் 18ந் தேதி எங்கள் தொகுதியில் இரண்டு ஓட்டு. ஒன்று எம்.பி.க்கு, இன்னொன்று பாப்பிரெட்டிப்பட்டி சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. பக்கத்து அரூரிலும் அப்படித்தான். தருமபுரி எம்.பி. தொகுதியில் தி.மு.க.வின் செந்தில்குமார் ஜெயித்தார், அன்புமணி தோற்றார். அதே நாளில் நடந்த இரண்டு இடைத்தேர்தலிலும் அ.தி.மு.க. ஜெயித்தது. ஒரே வரிசையில் நின்ற ஜனம்தான். டீக்கடையில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். எனக்குத் தோன்றியது இவ்வளவுதான்: எங்கள் ஜனங்கள் ஒவ்வொரு நாற்காலிக்கும் தனித்தனியாகக் கணக்குப் போடுகிறார்கள். 1996ல் எனக்கு முதல் ஓட்டு. அப்போது கிருஷ்ணகிரியும் சேர்ந்து ஒரே மாவட்டம். 1991ல் பர்கூரில் ஜெயித்து முதலமைச்சரான ஜெயலலிதாவை அதே பர்கூர் 1996ல் தோற்கடித்தது. அந்த வருடமே பத்து வருடத்துக்கு அப்புறம் உள்ளாட்சித் தேர்தலும் வந்தது. எங்கள் தெருவில் மேலே ஒரு கட்சியைத் தூக்கி எறிந்தவர்களே ஊருக்குள் அந்தக் கட்சிக்காரரைத் தேர்ந்தெடுத்ததைப் பார்த்திருக்கிறேன். அவர் கிணறு தூர்வாரியவர்.

வார்டு உறுப்பினருக்கும் ஊராட்சித் தலைவருக்கும் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் உண்டு. அதனால் நான் எந்தக் கட்சிக்காரர் ஜீப்பிலும் ஏறவில்லை. ஏறச் சொல்லி இரண்டு பக்கமும் கூப்பிட்டார்கள். ஏறியிருந்தால் எதிர்க் கட்சிக்கார வீடுகள் அத்தனையும் எனக்கு இல்லாமல் போயிருக்கும். 380 ஓட்டு உள்ள வார்டில் நாற்பது ஐம்பது ஓட்டை அப்படி விடுவதற்கு இடமே இல்லை.

இந்த 380ஐப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நின்று தோற்றவர்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்றார்கள்.

எங்கள் வார்டு மேல்தெரு, கிணற்றுத்தெரு, அப்புறம் காட்டுக்கொட்டாய் ஏழு வீடு. சட்டமன்ற வாக்காளர் பட்டியலை வைத்துத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். பிரிக்கும்போது தெரு மாறிப்போகும். கொட்டாயில் ஒரே வீட்டில் மாமியார் எங்கள் வார்டில், மருமகள் மூன்றாவது வார்டில் இருந்தார்கள். பட்டியலை வாங்கி, குழு நோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு பெயருக்கும் நேரே எழுதினேன்: ஊரில் இருக்கிறார், பெங்களூரு, திருப்பூர், இறந்துவிட்டார், கட்டிக்கொடுத்துப் போய்விட்டாள். இரண்டு நாள் ஆயிற்று. முடித்துப் பார்த்தால் 31 பேர் வெளியூர். 9 பேர் இறந்தவர்கள், பெயர் மட்டும் நீக்கப்படவில்லை. ஆக, கையில் இருப்பது 340தான். எனக்கு 380 இருக்கிறது, அதில் 200 வாங்கிவிடுவேன் என்று கணக்குப் போடுகிறவர் முதல் நாளே ஏமாந்துவிட்டார்.

வெளியூரில் இருந்த 31 பேருக்கும் நானே போன் செய்தேன். அங்கேதான் நான் நினைக்காத ஒரு தடங்கல். தேர்தல் டிசம்பர் 27, 30 தேதிகளில் இரண்டு கட்டமாக. அடுத்த பதினைந்து நாளில் பொங்கல். "பொங்கலுக்கு வரத்தானே போறோம் சின்னம்மா, ரெண்டு தரம் லீவு தர மாட்டாங்க" என்று பாதிப்பேர் சொன்னார்கள். பஸ் செலவுக்குக் காசு கொடுத்துக் கூட்டி வருகிறவர்கள் இருந்தார்கள். நான் கொடுக்கவில்லை, கொடுப்பது குற்றம், கொடுக்க என்னிடம் இல்லவும் இல்லை. சாயங்காலம் ஐந்து மணிவரை ஓட்டு உண்டு, காலையில் கிளம்பினாலும் நேரம் இருக்கிறது என்று மட்டும் விவரமாகச் சொன்னேன். 14 பேர் வந்தார்கள். அதில் எட்டுப் பேர் எனக்குப் போட்டிருந்தால்கூட, நான் ஜெயித்த 12 ஓட்டு வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர்களுடையது.

செல்லாத ஓட்டு அடுத்தது. எங்கள் வார்டில் பதிவானது 302. எனக்கு 128, அடுத்தவருக்கு 116, மூன்றாமவருக்கு 41. செல்லாதது 17. வித்தியாசம் 12, செல்லாதது 17. அந்தப் பதினேழையும் மேசையில் ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். தொடக்கூடாது, பார்க்கலாம். சிலர் இரண்டு சின்னத்திலும் குத்தியிருந்தார்கள். சிலர் கோட்டின்மேல் குத்தியதில் பாதி இங்கே, பாதி அங்கே. மூன்று சீட்டில் முத்திரையே இல்லை, கட்டைவிரல் ரேகை மட்டும். பட்டியலில் கைநாட்டு வைத்த கையோடு உள்ளே போய், இங்கேயும் கைநாட்டுத்தான் போல என்று வைத்திருக்கிறார்கள் வயதானவர்கள். என்னிடம் ஓட்டுக் கேட்டு, வெற்றிலை மடித்துக் கொடுத்து, "உனக்குத்தான்டி" என்று கன்னத்தைத் தடவிய கிழவிகள் எத்தனை பேர் அந்த மூன்றில் இருக்கிறார்களோ. மனசு ரொம்ப வலித்தது.

இதில் என் தவறும் உண்டு. என் சின்னம் சீட்டில் மூன்றாவது இடத்தில் இருந்தது. அதனால் வீடு வீடாகப் போய் "மூணாவது படம், மூணாவது படம்" என்று சொல்லிக்கொடுத்தேன். உள்ளே போனால் கையில் நாலு சீட்டு. நாலிலும் மூன்றாவது இடத்தில் குத்திவிட்டு வந்தவர்களை எனக்கே தெரியும், வெளியே வந்து பெருமையாகச் சொன்னார்கள். இனி நிற்கிறவர்கள் இடத்தைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம். நிறத்தையும் படத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்: "வெள்ளைச் சீட்டு, சீப்பு." வெள்ளைக் காகிதத்தில் கட்டம் போட்டு, பையனின் ஸ்டாம்ப் பேடை எடுத்துக்கொண்டு போய், அவர்கள் கையாலேயே ஒருதரம் குத்த வையுங்கள். நான் இதைக் கடைசி இரண்டு நாளில்தான், அதுவும் கிணற்றுத்தெருவில் மட்டும் செய்தேன்.

எண்ணுகிற இடத்துக்கு யாரை ஏஜென்ட்டாக அனுப்புவது என்பதில் வீட்டில் சண்டையே வந்தது. என் கொழுந்தன் போகிறேன் என்றார். குரல் பெரிசு, நிதானம் இல்லை. நான் குழுவில் கூட இருக்கும் ஒரு அக்காவை வைத்தேன். எட்டாவது படித்தவர், ராத்திரி முழுக்கக் கண் மூடமாட்டார். எண்ணிக்கை அன்று முடியவில்லை, பல இடங்களில் மறுநாளும் நடந்தது. நள்ளிரவுக்கு மேல் கத்துகிற ஏஜென்ட்டுகள் பெஞ்சில் படுத்துவிட்டார்கள், அக்கா நோட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். எதிர்த் தரப்பு மறு எண்ணிக்கை கேட்டது. முடிவை அறிவிப்பதற்கு முன்னால், காரணம் சொல்லி, எழுதிக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். அவர்கள் அறிவித்த பிறகு வாயால் கேட்டார்கள். நான் அவர்கள் நிலைமையில் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது, உண்மை. அதனால்தான் எழுதுகிறேன். ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் பையில் இருக்கட்டும்.

ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் முப்பது நாளுக்குள் செலவுக் கணக்கைக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று வருடம் நிற்க முடியாது. போட்டியில்லாமல் வந்தவர்களுக்கும் இது உண்டு. என் செலவு 4,650 ரூபாய், நோட்டீஸ் அடித்ததும் டீயும்தான். ரசீதோடு கொடுத்துவிட்டு, வாங்கிக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வைத்தேன்.

முடிவு வந்த மறுநாளே கட்சிக்காரர்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஜனவரி 6 பதவியேற்பு, 11 துணைத்தலைவர் தேர்தல். வார்டு உறுப்பினர்களில் ஒருவர்தான் துணைத்தலைவர். ஊராட்சியில் காசோலைக்குத் தலைவரோடு துணைத்தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். அதனால்தான் அந்த நாற்காலிக்கு அவ்வளவு மதிப்பு. கட்சிச் சின்னமே இல்லாமல் ஜெயித்த ஒன்பது பேரையும் "எங்கள் ஆள்" என்று இரண்டு பக்கமும் எழுதிக்கொண்டார்கள். 8ந் தேதி பெரியப்பா முறையாகும் ஒருவர் காரோடு வந்தார்.

"ரெண்டு நாள் ஏற்காட்டுல இருந்துட்டு வாம்மா. பிள்ளைங்களையும் கூட்டிக்க. பதினொண்ணாந் தேதி காலையில நேரா ஆபீஸ்ல இறக்கி விட்டுடறோம்."

"மாடு கறக்கணும் பெரியப்பா" என்றேன்.

"அதுக்கு ஆள் போட்டுக்கலாம்."

"ஓட்டுப் போட்டவங்க நாளைக்குக் காலையில தண்ணிக்கு வரிசையில நின்னுட்டு என் வீட்டைப் பாப்பாங்க. நான் வீட்டுல இருக்கணும்."

அவருக்குக் கோபம். ஒரு வருடம் பேசவில்லை. கிணற்றுத்தெருக் கடைசி வரை ஒகேனக்கல் தண்ணீர்க் குழாயை நீட்டுவதை முதல் தீர்மானமாக யார் எழுதுகிறார்களோ அவருக்கு என் ஓட்டு என்று இரண்டு பக்கமும் சொன்னேன். எங்கள் மாவட்டத்தில் தண்ணீர் என்பது வெறும் தாகத்துக்கு மட்டும் அல்ல. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு. அதைக் குடித்து வளர்ந்த பிள்ளைகளின் பல்லில் மஞ்சளும் பழுப்புமாகக் கறை. என் தம்பிக்கு இருக்கிறது, போட்டோ எடுக்கும்போது வாயைத் திறக்க மாட்டான். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு ஆட்சி 2008ல் அடிக்கல் நாட்டியது, அடுத்த ஆட்சி 2013ல் திறந்து வைத்தது. இரண்டு கட்சியும் தங்களுடையது என்கின்றன. எங்கள் தெருவுக்கு 140 மீட்டர் குழாய் குறைவு, அதுதான் எனக்குத் தெரியும்.

தீர்மானம் எழுதப்பட்டது. வேலை நடக்க இரண்டரை வருடம் ஆயிற்று. நடுவில் கொரோனா. நெடுநாள் கிராம சபையே கூடவில்லை, 2021 அக்டோபர் 2ல்தான் திரும்பக் கூடியது. எங்கள் பதவிக்காலத்துக்குள் மேலே எல்லாம் மாறிவிட்டது. 2021 மே மாதம் மாநிலத்தில் தி.மு.க. ஆட்சி. ஆனால் தருமபுரி மாவட்டத்தில் ஐந்து தொகுதியும் அ.தி.மு.க., பா.ம.க. கூட்டணிக்கு. அடுத்த பிப்ரவரியில் நகர்ப்புறத் தேர்தல், ஓசூர் உட்பட 21 மாநகராட்சியும் தி.மு.க. பக்கம். 2024ல் தருமபுரி எம்.பி. தொகுதி மறுபடி தி.மு.க.வுக்கு. ஊருக்குள் சிலர் தோளில் துண்டின் கரை மாறியது. மாறியவர்களை நான் குறை சொல்லவில்லை, வேலை நடக்கும் என்று நம்பித்தான் பல பேர் மாறினார்கள்.

எம்.எல்.ஏ. ஒரு கட்சி, எம்.பி. ஒரு கட்சி, ஆட்சி ஒரு கட்சி என்று இருக்கும்போது, எந்தக் கட்சியிலும் இல்லாத வார்டு உறுப்பினர் யாரிடம் போவது? முதலில் நானும் சிபாரிசு தேடி அலைந்தேன். "அவங்க ஆளு" என்று இந்தப் பக்கமும் "இவங்க ஆளு" என்று அந்தப் பக்கமும் சொன்னார்கள். அப்புறம் தாளைப் பிடித்துக்கொண்டேன். கிராம சபைத் தீர்மானத்தின் எண், தேதி, நகல். அதை வைத்துத் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளில் மனு, ஒப்புகை ரசீது, அடுத்த மாதம் அதே ரசீதைக் காட்டி இன்னொரு மனு. நாலு தரம் பஸ் ஏறினேன். 15வது நிதிக்குழு மானியத்தில் ஊராட்சிக்கு வருவதில் பெரும்பகுதி குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று ஒதுக்கி வைத்தது. அதைத் தெரிந்துகொண்ட பிறகு கூட்டத்தில் நான் கேட்ட கேள்வியே மாறிவிட்டது. "எங்க தெருவுக்குச் செஞ்சு கொடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தவள், "குடிநீருக்கு வந்த பணத்துல இந்த வருஷம் என்ன வேலை எடுத்திருக்கீங்க, படிச்சுக் காட்டுங்க" என்றேன். படித்தார்கள். அடுத்த பட்டியலில் எங்கள் 140 மீட்டர் இருந்தது.

கூட்டத்தைப் பற்றி ஒன்று, குறிப்பாகப் பெண் உறுப்பினர்களுக்கு. ஒன்பது பேரில் ஐந்து பேர் பெண்கள். முதல் கூட்டத்துக்கு மூன்று பேருடைய வீட்டுக்காரர்கள்தான் வந்தார்கள். தீர்மானப் புத்தகம் வீடு தேடி வரும், "இங்க ஒரு கையெழுத்து" என்பார்கள், மேலே பக்கம் காலியாக இருக்கும். நான் போடவில்லை. எழுதிவிட்டு வாருங்கள் என்று இரண்டு தரம் திருப்பி அனுப்பினேன். என்னைப் பார்த்து இன்னொரு பெண்ணும் அப்படிச் சொன்னாள், அவளுக்கு வீட்டில் அடி விழுந்தது. நான் போய் அவள் மாமியாரிடம் பேசினேன். அடுத்த கூட்டத்துக்கு மாமியாரே அவளைக் கூட்டிக்கொண்டு வந்து வாசலில் உட்கார்ந்துகொண்டார்.

2022 கோடையில் கிணற்றுத்தெருக் கடைசிக் குழாயில் தண்ணீர் வந்தது. முதல் நாள் சேறாக வந்தது, மறுநாள் தெளிந்தது.

2025 ஜனவரி 5ஓடு எங்கள் பதவிக்காலம் முடிந்தது. மறுபடி தனி அலுவலர். உறுப்பினர் இல்லை என்று ஆனாலும் வாசலுக்கு வருகிறவர்கள் வருகிறார்கள், மனு எழுதிக் கொடுக்கிறேன். பிப்ரவரியில் ஒருநாள் பழைய நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு புதிய பட்டியலோடு ஒப்பிட்டேன். புதிதாக 18 வயது முடிந்தவர்கள் 26 பேர். வெற்றிலை மடித்துக் கொடுத்த கிழவிகளில் நாலு பேர் இப்போது இல்லை, பெயர் இருக்கிறது. கொட்டாயில் அந்த மருமகள் இன்னும் மூன்றாவது வார்டில்தான் இருக்கிறாள். 2019ல் பெங்களூரிலிருந்து வந்து ஓட்டுப் போட்ட பையன்களில் ஒருவன் அன்று சாயங்காலம் போன் செய்தான்.

"எப்ப சின்னம்மா எலெக்‌ஷன்?"

"தேதி வரட்டும்டா. கல்யாணம் ஆச்சே, உன் பொண்டாட்டி பேரை நம்ம லிஸ்ட்டில சேத்தியா?"

"இல்ல சின்னம்மா."

"இந்த வாரம் வரும்போது அவ ஆதார் கார்டும் போட்டோவும் எடுத்துட்டு வா. ஃபாரம் நான் எழுதித் தரேன்."